பூங்காவா, வீடா? செவ்வாய்க்கிழமை கவுன்சில் ஓட்டெடுப்பு

நாடோடி87 எழுதியது:

கலிஃபோர்னியா பே ஏரியா நண்பர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் ஊர் சிட்டி கவுன்சில் வரும் செவ்வாய்க்கிழமை ஒரு விஷயத்தை ஓட்டுக்கு விடுகிறது. பெரிய பூங்கா ஒன்றை ஒட்டி சிட்டிக்குச் சொந்தமான பார்க்கிங் லாட். அதன் ஓரத்தில் வலை கிழிந்து, தரை வெடித்து, பூட்டிக் கிடக்கும் இரண்டு டென்னிஸ் கோர்ட். இந்த மொத்த இடத்தையும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அடுக்குமாடி வீடுகளுக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் "பூங்காவைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு மனு சுற்றுகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. நானும் மரம், செடி என்றால் உருகுகிற ஆள்தான். ஆனால் மனுவின் நடுவில் "நம் ஏரியாவின் குணமே மாறிவிடும்" என்று ஒரு வாசகம் வருகிறது. அங்கே கை நின்றுவிட்டது. போடலாமா, வேண்டாமா?

கொங்குத்தமிழன் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம் தல, போட்டுருங்க. நாம வீடு வாங்கும்போது அந்தப் பூங்காவுக்கும் சேர்த்துத்தானே விலை கொடுத்தோம்? ஒருதடவை கான்கிரீட் போட்டா போட்டதுதான், அப்புறம் புல்லு முளைக்காது. வீடு வேணும்னா ஹைவே பக்கம் காலி ஆபீஸ் கட்டடம் எத்தனையோ கிடக்கு. அங்க கட்டட்டும், யார் வேண்டாம்னது?

தாமரை_வி எழுதியது:

//ஹைவே பக்கம் கட்டட்டும்//

அண்ணே, அந்த "ஹைவே பக்கம்" தான் பிரச்சினையே. வசதி இல்லாதவங்க வீடு எப்பவும் ஹைவே பக்கம், ரயில் பாதை பக்கம், பழைய ஃபேக்டரி பக்கம். பூங்கா பக்கமும் நல்ல ஸ்கூல் பக்கமும் தனி வீடுகள் மட்டும். இது கூடாதுன்னுதான் கலிஃபோர்னியாவில் 2018ல் ஏபி 686 கொண்டுவந்தாங்க. பாகுபாடு காட்டாம சும்மா இருந்தா போதாது, ஏற்கெனவே இருக்கிற பிரிவினையைக் குறைக்க சிட்டியே முயற்சி எடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. எட்டு வருஷத்துக்கு ஒருதடவை சிட்டி எழுதுற வீட்டுத் திட்டமான ஹவுசிங் எலிமென்ட்ல, குறைந்த வருமான வீடுகளுக்கான இடத்தையெல்லாம் ஒரே மூலையில குவிச்சு வெச்சா மாநில ஹவுசிங் துறை கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிடும்.

பழைய_பிளானர் எழுதியது:

சிட்டி பிளானிங் டிபார்ட்மென்டில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். பூங்காவா வீடா என்று அடித்துக்கொள்வதற்கு முன், முதலில் அந்த நிலம் பூங்காதானா என்று பாருங்கள். கண்ணுக்குப் பூங்காவாகத் தெரிவது வேறு, பத்திரத்தில் பூங்காவாக இருப்பது வேறு.

நிலத்தை யாராவது "பூங்காவுக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நிபந்தனை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். சில ஊர்களின் சார்ட்டரில், அதாவது ஊரின் அடிப்படைச் சட்டத்தில், பூங்கா என்று அறிவித்த நிலத்தை வேறு எதற்கும் மாற்ற மக்கள் ஓட்டே வேண்டும் என்று இருக்கும். பாலோ ஆல்டோவில் அப்படித்தான்.

இவை இரண்டையும் விடப் பெரிய பூட்டு ஒன்று உண்டு. பலரும் பார்க்க மறப்பது அதைத்தான். நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதி என்ற ஃபெடரல் பணம் ஒரு காலத்தில் அந்தப் பூங்காவுக்கு வந்திருந்தால், 1965 சட்டத்தின் 6(எஃப்) பிரிவு அதன் மேல் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். பொழுதுபோக்கு, விளையாட்டு தவிர வேறு பயன்பாட்டுக்கு மாற்ற நேஷனல் பார்க் சர்வீஸ் அனுமதி வேண்டும். அதோடு குறைந்தது அதே சந்தை மதிப்பும், ஏறக்குறைய அதே உபயோகமும் உள்ள மாற்று நிலத்தையும் கொடுக்க வேண்டும். பணம் வாங்கியபோது ஒரு எல்லை வரைபடம் போட்டிருப்பார்கள். மானியம் ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்காக வந்திருந்தாலும் வரைபடம் பெரும்பாலும் முழுப் பூங்காவையும் வளைத்திருக்கும். சில சமயம் பார்க்கிங் லாட்டும் உள்ளே போயிருக்கும், சில சமயம் கோடு அதற்கு முன்னாலேயே நின்றிருக்கும். ஐம்பது வருடப் பழைய கார்பன் நகலில், பேனாவால் இழுத்த ஒரு கோடு. அது எங்கே ஓடுகிறது என்பதில்தான் உங்கள் செவ்வாய்க்கிழமையே இருக்கிறது.

தம்பி, கூட்டத்துக்கான ஆவணக் கட்டில் (அஜெண்டா பாக்கெட்) ஸ்டாஃப் ரிப்போர்ட் இருக்கும். அதில் இந்த வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிட்டி கிளார்க்குக்கு மெயில் போட்டுக் கேளுங்கள்.

நாடோடி87 எழுதியது:

பாக்கெட் நானூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது சார். தேடிப் பார்த்துவிட்டேன், வரைபடம் இல்லை. "உபரி நிலமாக அறிவித்தல்" என்று ஒரு தீர்மான வரைவு மட்டும் இருக்கிறது. கிளார்க்குக்கு மெயில் போட்டாயிற்று. உபரி என்றால் விற்கப்போகிறார்களா?

பழைய_பிளானர் எழுதியது:

விற்கலாம், நீண்ட குத்தகைக்கும் விடலாம். சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட் என்ன சொல்கிறது என்றால், சிட்டி தன் நிலத்தைக் கைமாற்றும் முன் அது உபரி என்றோ, விதிவிலக்கு பெற்ற உபரி என்றோ பொதுக்கூட்டத்தில் அறிவிக்க வேண்டும். விதிவிலக்கு இல்லையென்றால், குறைந்த வருமான வீடு கட்டுகிறவர்களுக்கு முதலில் தகவல் போக வேண்டும். விருப்பம் தெரிவிக்க அவர்களுக்கு 60 நாள். யாராவது முன்வந்தால் குறைந்தது 90 நாள் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதில் ஏமாற்ற முடியாது, மீறினால் அபராதம் உண்டு.

மனு எழுதியவர்கள் கவனிக்காத ஒன்று: அதே அறிவிப்பு பூங்கா அமைப்புகளுக்கும் போகும். உங்கள் ஊரில் பூங்காக்களை மட்டும் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பார்க் டிஸ்ட்ரிக்ட் இருந்தால் அவர்களும் அந்த இடத்தைக் கேட்கலாம். கையில் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

கொங்குத்தமிழன் எழுதியது:

சட்டம் எல்லாம் சரி சார். இங்க வாழப்போறது நாங்க. அஞ்சு பேர் உட்கார்ந்து முடிவு பண்றதுக்கு பதிலா ஊர் ஜனங்க ஓட்டுக்கு விட்டா என்ன? ஜனநாயகம்தானே?

தாமரை_வி எழுதியது:

அதையும் கலிஃபோர்னியா பார்த்திருக்கு அண்ணே. 1963ல் வீட்டு வாடகை, விற்பனையில் இனப் பாகுபாடு கூடாதுன்னு ரம்ஃபோர்டு சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷமே ப்ரோபொசிஷன் 14ன்னு மக்கள் ஓட்டுக்கு விட்டு அதைத் தூக்கி எறிஞ்சாங்க, ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு ஓட்டுல. 1967ல் சுப்ரீம் கோர்ட் வந்து அந்த ஓட்டையே செல்லாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்போ ஓட்டுப் போட்டவங்க யாரும் "நாங்க வெறுக்கிறோம்"னு சொல்லலை. "என் சொத்து, என் உரிமை"ன்னுதான் சொன்னாங்க.

பழைய_பிளானர் எழுதியது:

கொங்கு சொல்வதற்குப் பாதி கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. மாநில அரசியல் சட்டத்தில் 34ஆவது பிரிவு என்று ஒன்றை 1950ல் சேர்த்தார்கள். அரசு அமைப்புகள் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டுவதென்றால் உள்ளூர் மக்கள் ஓட்டு வேண்டும் என்பது அது. பணக்கார வீட்டுக்கு ஓட்டு வேண்டாம், ஏழை வீட்டுக்கு மட்டும் வேண்டும்! 1971ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் நிறைய விதிவிலக்குகள் வந்துவிட்டன. பல சிட்டிகள் "இத்தனை வீடு வரை கட்டலாம்" என்று மொத்தமாக ஒருமுறை அனுமதி வாங்கி வைத்திருக்கும்.

சான்ஹோசே_சரவணன் எழுதியது:

பாலோ ஆல்டோ பேச்சு வந்ததால் ஃபுட்ஹில்ஸ் பார்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1,400 ஏக்கர். 1959ல் சிட்டி வாங்கியபோது பக்கத்து ஊர்கள் பணம் போட மாட்டோம் என்றன. "அப்படியென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்" என்று வைத்துக்கொண்டார்கள். வெளியூர் ஆள் சும்மா உள்ளே போனால் அது குற்றம், ஜெயில் வரை போகலாம் என்று விதி. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அப்படியே இருந்தது.

2020 செப்டம்பரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர் கிளை வழக்குப் போட்டது. அவர்கள் வாதம்: கறுப்பினக் குடும்பங்களை இந்த ஊரில் வீடு வாங்க விடாமல் வைத்திருந்தது வரலாறு. அப்படி விலக்கியபிறகு "ஊர்க்காரர்களுக்கு மட்டும் பூங்கா" என்றால் பழைய விலக்கு இன்னும் தொடர்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த டிசம்பரிலேயே கேட் எல்லோருக்கும் திறந்தது. இப்போது போய்ப் பாருங்கள், மான், ஏரி, நடைபாதை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

கயல் எழுதியது:

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. அங்கே பூங்காவை மூடி வைத்தார்கள். இங்கே பூங்கா கட்டுகிறோம் என்று சொல்லி ஆட்களை விரட்டினார்கள்.

தெற்குக் கலிஃபோர்னியா, மன்ஹாட்டன் பீச். 1912ல் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி கடற்கரையோரம் நிலம் வாங்கி, கணவரோடு சேர்ந்து ஒரு விடுதி நடத்தினார். மற்ற கடற்கரைகளில் கறுப்பின மக்களை அண்ட விடாத காலம். கூட்டம் வந்தது, பிடிக்காதவர்கள் தொல்லை கொடுத்தார்கள். 1924ல் சிட்டியின் ஆட்சிக்குழு "பொதுப் பூங்கா தேவை" என்று தீர்மானம் போட்டு நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டது. புரூஸ் குடும்பத்துக்கு 14,500 டாலர் கொடுத்து அனுப்பினார்கள். பூங்கா? பல பத்து வருடங்கள் அந்த இடம் சும்மாவே கிடந்தது.

2021ல் தனிச்சட்டம் போட்டு, 2022ல், அப்போது அதை வைத்திருந்த கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அந்த நிலத்தைக் கொள்ளுப்பேரர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருடம் அவர்கள் அதைக் கவுண்டிக்கே ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு விற்றார்கள். கவுன்சில் மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) "பூங்கா" என்று எழுதியிருந்தால் அது பூங்காவுக்காகத்தான் என்று நான் நம்புவதில்லை, இந்தக் கதையைப் படித்தபிறகு.

கொங்குத்தமிழன் எழுதியது:

நூறு வருஷக் கதையை என் தலைல கட்டாதீங்க கயல். எனக்கு யார் நிறமும் பிரச்சினை இல்லை. நானே வந்தேறிதான். என் கவலை சிம்பிள்: ஏற்கெனவே ஸ்கூல்ல இடமில்லை, காலையில அந்த சிக்னல்ல இருபது நிமிஷம் நிக்கிறேன். இவ்வளவு குடும்பம், இவ்வளவு குழந்தைங்க வந்தா என்ன ஆகும்? இதைக் கேட்டாலே இனவெறியனா?

பழைய_பிளானர் எழுதியது:

இல்லவே இல்லை. சிக்னல் நியாயமான கேள்வி. டிராஃபிக் கணக்கு எங்கே என்று மைக்கில் கேளுங்கள், பதில் சொல்வது அவர்கள் வேலை. பார்க்கிங் போனால் பூங்காவுக்கு வருகிற வயதானவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? கட்டடத்தின் நிழல் விளையாட்டு மைதானத்தில் விழுமா? புதிதாக வருகிற ஜனத்துக்கு ஏற்ப பூங்காவுக்கு என்ன செய்வீர்கள்? எல்லாம் கேட்கலாம். மனைப்பிரிவு போடுகிறவர்களிடம் ஆயிரம் பேருக்கு 3 ஏக்கர் என்ற கணக்கில் பூங்கா நிலமோ, ஈடாகப் பணமோ வாங்க குவிம்பி சட்டம் சிட்டிக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் சிட்டி அந்தப் பணத்தை வாங்கி எந்தக் கணக்கில் போட்டது, எந்தப் பூங்காவில் செலவழித்தது என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவரை, டென்னிஸ் கோர்ட் பூட்டிக் கிடப்பதற்குப் பதில் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஆனால் "குழந்தைகள் நிறைய வருவார்கள்" என்பதை மைக்கில் சொல்லாதீர்கள். 1968 ஃபேர் ஹவுசிங் சட்டம் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. முதலில் அதில் இனம், நிறம், மதம், பிறந்த தேசம் மட்டும். 1974ல் பாலினம் சேர்ந்தது. 1988ல் ஊனமும், குழந்தை உள்ள குடும்பம் என்ற நிலையும் சேர்ந்தன. குழந்தை உள்ளவர்களுக்கு வீடு தரமாட்டேன் என்று சொல்வதே மீறல். கவுன்சில் மெம்பர் ஒருவர் அந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்த்து ஓட்டுப் போட்டால் சிட்டியின் வக்கீலுக்கு அன்றிரவு தூக்கம் போகும். தவிர, ஸ்கூலில் இடம் போதாது என்பதைக் காரணமாக்கி வீட்டுத் திட்டத்தை மறுக்க 1998லிருந்து மாநிலச் சட்டம் விடுவதில்லை. கட்டுகிறவர் ஸ்கூல் கட்டணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது.

மீனா_ஃப்ரீமாண்ட் எழுதியது:

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கவுன்சிலைச் சொல்கிறோம், நம்ம ஆட்கள் குழுக்களில் வரும் வாடகை விளம்பரங்களைப் பார்த்ததுண்டா? "வெஜிடேரியன் பிராமின் ஃபேமிலி மட்டும்" என்று போன வாரம்கூட ஒன்று. அதற்குக் கீழே பத்து ஹார்ட்டின். இதெல்லாம் ஃபேர் ஹவுசிங்கில் வராதா?

தாமரை_வி எழுதியது:

வரும் அக்கா, நல்லாவே வரும். சைவமா அசைவமா என்பது மட்டும் தனியா சட்டத்துல இல்லை. ஆனா சாதியையோ மதத்தையோ சொல்லி விளம்பரம் போட்டா மாட்டிக்கலாம். தன் வீட்டுல ஒரே ஒரு ரூம் மட்டும் வாடகைக்கு விடுறவங்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல கொஞ்சம் சலுகை இருக்கு, அதை விளம்பரத்துல எழுதறதுக்கு இல்லை.

அமெரிக்காவுல சாதின்னே பெயர் சொல்லி முதல்ல தடை போட்டது சியாட்டில் கவுன்சில், 2023 பிப்ரவரியில், 6-1 ஓட்டு. வீட்டு வாடகையும் அதுல அடக்கம். செப்டம்பர்ல ஃப்ரெஸ்னோ கவுன்சில். கலிஃபோர்னியா முழுசுக்கும் எஸ்பி 403ன்னு அதே மாதிரி ஒரு மசோதா வந்துச்சு, அக்டோபர்ல கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணிட்டார். அவர் சொன்ன காரணத்தைப் படிங்க: வம்சாவளி மாதிரிப் பிரிவுகள்ல சாதிப் பாகுபாடு ஏற்கெனவே தடைதான், அதனால தனிச்சட்டம் தேவையில்லை. நம்ம குழுக்கள்ல வீட்டோவைக் கொண்டாடினவங்க அந்த வரியை மட்டும் ஃபார்வர்டு பண்ணலை.

நடத்துநர் எழுதியது:

சாதி விளம்பரம் பற்றித் தனித் திரி திறந்தாயிற்று, அங்கே தொடருங்கள். இங்கே செவ்வாய்க்கிழமைக் கூட்டம் மட்டும்.

நாடோடி87 எழுதியது:

சரி, மனுவில் கையெழுத்துப் போடவில்லை. நேரில் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன். எனக்கு மைக் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நடைமுறை என்ன?

பழைய_பிளானர் எழுதியது:

1953லிருந்து இருக்கும் பொதுக்கூட்டச் சட்டமான பிரவுன் ஆக்ட் உங்கள் பக்கம். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்ட வேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு விஷயத்திலும், கவுன்சில் முடிவெடுக்கும் முன்பே ஜனம் பேச வாய்ப்புத் தர வேண்டும். பேசுவதற்குப் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பேச்சாளர் சீட்டு ஒன்று தருவார்கள், அஜெண்டா நம்பரைச் சரியாக எழுதுங்கள். நம்பர் தவறினால் "இதர கருத்துகள்" நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், அப்போது ஓட்டே முடிந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் விஷயம் கன்சென்ட் காலண்டரில் இருக்கிறதா பாருங்கள். அதில் இருந்தால் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஒரே ஓட்டில் தள்ளிவிடுவார்கள். தனியாக எடுக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதலாம்.

பேசும்போது ஒரே ஒரு விஷயம். அந்த 6(எஃப்) வரைபடம் எங்கே என்று கேளுங்கள், உட்காருங்கள். மேடையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு இருக்கும். சிவப்புக்கு முன்னாலேயே உட்கார்கிறவரை எந்தக் கவுன்சிலுக்கும் பிடிக்கும்.

நாடோடி87 எழுதியது:

நேற்றுக் கூட்டம் முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது. விவரம் சொல்கிறேன்.

அறை நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் "பூங்காவைக் காப்போம்" பச்சைச் சட்டை, இன்னொரு பக்கம் தேவாலயக்காரர்களும் ஆசிரியர்களும். ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர், தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். பச்சைச் சட்டைப் பெரியவர் ஒருவர், மனைவி இறந்த பிறகு அந்தப் பூங்கா பெஞ்சுதான் தனக்குத் துணை, அங்கே மண் அள்ளும் இயந்திரம் வரக்கூடாது என்று குரல் தழுதழுக்கப் பேசினார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பெஞ்சு பார்க்கிங் லாட்டிலிருந்து வெகுதூரம் என்று யாரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

என் முறை வந்தது, வரைபடம் கேட்டேன், உட்கார்ந்தேன். மேயர் சிட்டியின் வக்கீலான அட்டர்னியைப் பார்த்தார், அட்டர்னி பார்க்ஸ் டைரக்டரைப் பார்த்தார். பத்து நிமிட இடைவேளை. திரும்பி வந்தபோது ஸ்கேன் செய்த ஒரு தாளைத் திரையில் போட்டார்கள். பிளானர் சார் சொன்ன அதே பேனாக் கோடு! டென்னிஸ் கோர்ட் இரண்டும் கோட்டுக்கு உள்ளே. பார்க்கிங் லாட் வெளியே.

அதன் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. கோர்ட்டை விட்டுவிட்டு லாட்டை மட்டும் உபரி என்று அறிவிக்கலாம், கோர்ட்டைப் பழுதுபார்க்கப் பூங்காக் கட்டண நிதியிலிருந்து பணம் ஒதுக்கும் திட்டத்தை ஸ்டாஃப் கொண்டுவர வேண்டும் என்று திருத்தம் வைத்தார்கள். ஐந்தில் மூன்று பேர் ஆதரவு, நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவர் "ஏரியாவின் குணம்" என்று ஆரம்பித்தார். அட்டர்னி தொண்டையைக் கனைத்தார். அவர் அப்படியே டிராஃபிக்குக்கு மாறிவிட்டார்.

கொங்குத்தமிழன் எழுதியது:

கோர்ட் திரும்ப வருதா? அது போதும் எனக்கு. சிக்னல் விஷயத்தை விடமாட்டேன், டிராஃபிக் ரிப்போர்ட் வரட்டும், அடுத்த கூட்டத்துக்கு நானே வர்றேன். வீடு எத்தனை மாடின்னு முடிவாச்சா?

பழைய_பிளானர் எழுதியது:

இல்லை. லாட் மட்டும் என்றானதால் இடம் சுருங்கிவிட்டது, ஒன்று வீடு குறையும், இல்லாவிட்டால் மாடி ஏறும். இனி விலையும் நிபந்தனையும் மூடிய அறையில் பேசுவார்கள், சட்டம் அதற்கு அனுமதிக்கிறது. கடைசி ஒப்பந்தம் மறுபடியும் பொதுக்கூட்டத்துக்கு வரும். அஜெண்டா மெயிலிங் லிஸ்டில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள் கொங்கு.

மீனா_ஃப்ரீமாண்ட் எழுதியது:

என் பெண்ணின் டேகேர் டீச்சர் இந்த மாதிரி வீட்டுக்குத்தான் அலைகிறார். எங்கே பெயர் கொடுப்பது?

பழைய_பிளானர் எழுதியது:

இப்போதைக்கு எங்கேயும் இல்லை. முதலில் கட்டுகிறவர் யார் என்று முடிவாக வேண்டும். அவர் வரிச்சலுகை நிதிக்குப் போட்டியிட்டு வாங்க வேண்டும். நல்ல ஸ்கூல், வேலை வாய்ப்பு உள்ள பகுதி என்றால் அதில் கூடுதல் சாதகம் உண்டு, உங்கள் லாட்டுக்கு அது கிடைக்கலாம். ஆனாலும் கட்டி முடிய வருடங்கள் ஆகும். வீடு தயாராகும் சமயத்தில் விண்ணப்பம் திறப்பார்கள், பெரும்பாலும் குலுக்கல். உள்ளூரில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை வைப்பார்களா என்பது தெரியாது. அந்த முன்னுரிமையும் ஃபேர் ஹவுசிங் கண்ணுக்குத் தப்பாது. நியூயார்க்கில் அக்கம்பக்கத்தாருக்கு 50 சதவீதம் ஒதுக்கியதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2024 உடன்பாட்டில் அதைக் குறைக்க வைத்தார்கள்.

டீச்சரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வருமானச் சான்றுகளை ஒழுங்காக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்தக் கவுண்டியின் இடைநிலை (மீடியன்) வருமானத்தை வைத்துத்தான் தகுதி பார்ப்பார்கள். பணம் வாங்கிக்கொண்டு "லிஸ்டில் பெயர் சேர்க்கிறேன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.